மூக்கு, சைனஸ் புற்றுநோய்: நோயின் போக்கையும் சிகிச்சைக்கு அது இணங்குமா என்பதையும் கணிப்பது எப்படி

“எத்தனை வருஷம் தாங்குவார் டாக்டர்?” பயாப்ஸி முடிவு வந்த அன்றே குடும்பத்தார் கேட்டுவிடுவார்கள். அன்று கையில் இருப்பது பெரும்பாலும் ‘புவர்லி டிஃபரன்ஷியேட்டட் கார்சினோமா’ (எந்தத் திசுவில் பிறந்தது என்ற அடையாளம் மங்கிய புற்று) என்ற ஒற்றை வரிதான். அந்த ஒரு வரிக்குள் எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) சார்ந்த, ஓரளவு நல்ல முடிவு தரக்கூடிய கட்டியும் ஒளிந்திருக்கலாம். பாதிப் பேர் ஓராண்டைக்கூடத் தாண்டாத, நட் மரபணுவின் மாற்றத்தால் வரும் நட் கார்சினோமாவும் ஒளிந்திருக்கலாம். ஆகவே அன்று எண் எதுவும் சொல்லாதீர்கள். கட்டியின் பெயர், பரவல், முதல் கீமோவுக்குப் பிந்தைய சுருக்கம், அறுவைக்குப் பிந்தைய விளிம்பு (வெட்டிய ஓரத்தில் கட்டி மிஞ்சியதா என்பது) ஆகிய நான்கும் ஒவ்வொன்றாகத் தெரியத் தெரியத்தான் கணிப்பு உருப்பெறும். ஒவ்வொன்றும் வந்து சேரும்போது முந்தைய கணிப்பைத் திருத்தி எழுத வேண்டும்.

இந்தப் புற்றுநோய்கள் அரிதானவை. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் இவற்றின் பங்கு 3 முதல் 5 விழுக்காடுதான். ஆனால் இந்தச் சின்ன இடத்தில் பிறக்கும் கட்டி வகைகளோ ஏராளம். நுரையீரலுக்கோ குரல்வளைக்கோ இருப்பதுபோல் ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு இங்கே கணிக்க முடியாது. கீழே வருவது சிகிச்சைக் குழுவில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்காக எழுதியது. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கும் குடும்பத்தாருக்கும் பயன்படும்.

பெயர் உறுதியாகும்வரை வேறு எதுவும் வேண்டாம்

முதலில் ஸ்கேன், பிறகு பயாப்ஸி. இந்த வரிசை மாறினால் இரண்டு ஆபத்து. ரத்தக்குழாய் மிகுந்த ஆஞ்சியோஃபைப்ரோமாவையோ, மூளையிலிருந்து கீழிறங்கி வந்த திசுவையோ கட்டி என்று நினைத்து வெட்டிவிடலாம். அடுத்து, வெட்டிய இடத்தின் ரத்தக்கட்டும் வீக்கமும் எம்.ஆர்.ஐ.யில் கட்டியின் எல்லையைக் குழப்பிவிடும்.

மேலே தொங்கும் பாலிப் போன்ற பகுதியை மட்டும் கிள்ளி எடுத்து அனுப்புவது அடிக்கடி நடக்கும் பிழை. அது வெறும் அழற்சித் திசுவாகவோ அழுகிய திசுவாகவோ இருந்துவிடும். உயிருள்ள, ரத்தம் கசியும் பகுதியின் ஆழத்திலிருந்து நான்கைந்து துண்டுகளாவது எடுங்கள். லிம்ஃபோமா (நிணநீர்ச் செல் புற்று) என்ற ஐயம் இருந்தால் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் தனியாக அனுப்புங்கள். சிறுநீல உருண்டைச் செல்கள் (பல வகைக் கட்டிகளில் ஒரே மாதிரி தெரிபவை) என்று நோய்க்குறியியலாளர் சொன்னால் புரதங்களை அடையாளம் காட்டும் கூடுதல் சாயங்களுக்குத் திசு போதுமா என்று அன்றே கேட்டுவிடுங்கள். சாயம் சாயமாகச் செய்து மெழுகில் பதித்த திசுக் கட்டையைத் தேய்த்துவிட்ட பிறகு மரபணுச் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வேறுபாடு குறைந்த கட்டி என்றால் அறிக்கையில் கண்டிப்பாக இருக்க வேண்டிய சாய முடிவுகள்: கெரட்டின், பி40, எஸ்100 அல்லது சாக்ஸ்10, சினாப்டோஃபைசின், சிடி45, டெஸ்மின், நட், ஐ.என்.ஐ.1, பி.ஆர்.ஜி.1, ஈபர் (எப்ஸ்டீன்-பார் வைரஸின் தடயம்). டெஸ்மினை ஏன் விடக் கூடாது? தசைவகைப் புற்றான அல்வியோலர் ராப்டோமயோசார்கோமா சில நேரம் கெரட்டினுக்கும் சினாப்டோஃபைசினுக்கும் சாயம் ஏற்கும். டெஸ்மின் பார்க்காதவர் அதை நரம்பு நாளமில்லாக் கட்டி என்று எழுதிவிடுவார். சிகிச்சையே திசைமாறிப் போகும்.

ஐ.என்.ஐ.1 சாயத்தை எப்படிப் படிப்பது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இங்கே ‘இல்லை’ என்பதே செய்தி. கட்டிச் செல்களின் உட்கருவில் பழுப்பு நிறம் இல்லாவிட்டால், இந்தப் புரதத்தைத் தரும் எஸ்.மார்க்.பி1 மரபணுவை இழந்த கார்சினோமா என்று பொருள். இது மூர்க்கமான வகை. பாதிக்கு மேற்பட்டோர் நோயால் இறக்கிறார்கள், பலர் இரண்டு ஆண்டுக்குள். ஆனால் சாயம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் உட்கரு நிறமற்றுத்தான் தெரியும். ஆகவே அதே கண்ணாடித் தட்டில் கட்டிக்கு நடுவே ஓடும் ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களையும் சுற்றியிருக்கும் லிம்ஃபோசைட்டுகளையும் பாருங்கள். அவற்றின் உட்கரு பழுப்பாக இருந்து கட்டிச் செல் மட்டும் வெளுத்திருந்தால்தான் இழப்பு உண்மை. எல்லாமே வெளுத்திருந்தால் சோதனை தோற்றது, திரும்பச் செய்ய வேண்டும். நட் சாயத்தில் நிலைமை நேர்மாறு: உட்கருக்களில் பாதிக்கு மேல் பொடிப்பொடிப் புள்ளிகளாகச் சாயம் ஏறியிருந்தால் அது நட் கார்சினோமா.

பி16 என்ற புரதச் சாயத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தொண்டைப் புற்றுநோயில் பி16 நேர்மறை என்றால் எச்.பி.வி. என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மூக்கு, சைனஸில் அது செல்லாது. பி16 நேர்மறையாக இருந்தும் வைரஸ் இல்லாத கட்டிகள் இங்கே உண்டு. எச்.பி.வி.யின் ஈ6, ஈ7 ஆர்.என்.ஏ.வை நேரடியாகத் தேட வேண்டும். உண்மையிலேயே எச்.பி.வி. இருக்கும் செதில்செல் கட்டிகளில் பிழைப்பு மேலானது என்று பெரிய பதிவேடுகள் காட்டுகின்றன. ஆனாலும் அதை நம்பிக் கதிர்வீச்சு அளவைக் குறைக்க இன்று ஆதாரம் இல்லை. எச்.பி.வி. சார்ந்த பல்தோற்றக் கார்சினோமா என்று இன்னொன்று உண்டு. பெரும்பாலும் எச்.பி.வி. 33 ஆம் வகை. நுண்ணோக்கியில் பயமுறுத்தும், நடத்தையோ சாது. சுரப்பிப் புற்றான அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா போலவே தெரிவதால் பெயர் மாறிப்போவது உண்டு. பெயர் மாறினால் குடும்பத்திடம் சொல்லும் கணிப்பும் மாறிவிடும்.

பெயருக்குள் இருக்கும் தரம்

மணமறியும் நரம்புத் திசுவில் பிறக்கும் ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா மொத்தத்தில் நல்ல பெயர் எடுத்த கட்டி. ஐந்து ஆண்டைப் பெரும்பாலோர் கடக்கிறார்கள். இங்கே நிலையைக் காடிஷ் முறையில் பார்ப்போம்: மூக்குக்குழிக்குள் மட்டும் என்றால் ஏ, சைனஸுக்குள் போனால் பி, அதைத் தாண்டினால் சி. 1993 இல் மொரிட்டா சேர்த்தது டி (D), அதாவது நெறிக்கட்டியோ தொலைவுப் பரவலோ உள்ளவை. நிலையைவிட, செல்களின் தோற்றத்தை 1 முதல் 4 வரை தரப்படுத்தும் ஹையம்ஸ் தரத்துக்குக் கூடுதல் எடை கொடுங்கள். 1, 2 ஆம் தரக் கட்டிகளின் போக்கும் 3, 4 ஆம் தரக் கட்டிகளின் போக்கும் இரண்டு வேறு நோய்கள் மாதிரி. அறிக்கையில் ஹையம்ஸ் தரம் எழுதப்படாமல் வந்தால் கேட்டு வாங்குங்கள்.

குடல்வகை அடினோகார்சினோமா மரத்தூள், தோல்தூள் சுவாசித்தவர்களிடம் எத்மாய்டு (கண்களுக்கு இடைப்பட்ட சைனஸ்) பகுதியில் வருவது. இதை 1986 இல் பார்ன்ஸ் வகுத்தார்: பாப்பிலரி, கொலோனிக், திடவகை, சளிவகை, கலப்பு. பாப்பிலரி வகை மெதுவானது. திடவகையும், முத்திரைமோதிரச் செல்கள் கொண்ட சளிவகையும் மோசம். அறிக்கையில் வெறும் ‘அடினோகார்சினோமா’ என்று இருந்தால் அது பாதி அறிக்கைதான்.

அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவில் திடமான பகுதி 30 விழுக்காட்டைத் தாண்டினால் உயர்தரம். நாட்ச்1 மரபணு மாற்றம் இருந்தாலும் அப்படியே. இந்தக் கட்டி ஐந்து ஆண்டுப் புள்ளிவிவரத்தில் நம்மை ஏமாற்றும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்னக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வேறுபாடற்ற கார்சினோமாவில் ஐ.டி.எச்.2 மரபணுவின் 172 ஆம் இடத்தில் மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். கணிசமான பங்கில் இருக்கிறது. மாற்றம் உள்ளவை சற்றே மேலாக நடந்துகொள்வதாகத் தொகுப்புகள் காட்டுகின்றன, ஐ.டி.எச். தடுப்பு மருந்துகளைச் சோதிக்கும் வாயிலும் திறக்கும். மியூக்கோசல் (சளிச்சவ்வு) மெலனோமாவுக்கு வேறு தரமே தேவையில்லை. ஏஜேசிசி என்ற புற்றுநோய் நிலை வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பு இதற்கு டி1, டி2 என்ற கட்டி நிலைப் (T) படிகளையே வைக்கவில்லை. எவ்வளவு சிறியதாக இருந்தாலும் டி3 இலிருந்துதான் தொடக்கம்.

எங்கே தொட்டிருக்கிறது

சி.டி. எலும்புக்கு, எம்.ஆர்.ஐ. மென்திசுவுக்கு. ஒன்று இன்னொன்றுக்கு மாற்றாகாது. எம்.ஆர்.ஐ. டி2 படத்தில் (இது படமெடுக்கும் முறை, நோய் நிலை அல்ல) தேங்கிய சளி பளிச்சென்று வெண்மையாகவும், பெரும்பாலான கட்டிகள் இடைப்பட்ட சாம்பலாகவும் தெரியும். சி.டி.யை மட்டும் பார்த்து ‘ஃப்ரன்டல் சைனஸ் முழுக்க நோய்’ என்று எழுதிய எத்தனையோ கோப்புகளில் அங்கே இருப்பது அடைபட்ட சளிதான். இதனால் நிலை ஏறிப்போகும், கதிர்வீச்சுப் பரப்பும் வீணாக விரியும்.

டி நிலையை எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டி4ஏ என்ற ஒரே பெட்டிக்குள் கன்னத் தோலைத் தொட்ட கட்டியும் இருக்கும், சல்லடை எலும்பைத் தொட்ட கட்டியும் இருக்கும். இரண்டின் முடிவும் ஒன்றாகாது. அதனால் எழுத்துக்குப் பக்கத்தில் இடங்களைப் பெயர் சொல்லிக் குறியுங்கள். கணிப்பைப் புரட்டும் இடங்கள் இவை.

கண்குழி: எலும்பு கரைந்தால் மட்டும் கண்ணை எடுக்க வேண்டியதில்லை. பெரிஆர்பிட்டா உறை தாங்கியிருக்கிறதா, அதைத் தாண்டிக் கொழுப்புக்குள் போயிற்றா, தசையைப் பிடித்ததா, நுனியை எட்டியதா என்று படிப்படியாகப் பாருங்கள். நுனியை எட்டினால் டி4பி. கண்ணையே எடுத்தாலும் சுத்தமான விளிம்பு கிடைப்பது கடினம்.

மூளை உறையான டியூரா: மெல்லிய, ஒரே சீரான ஒளிர்வு வெறும் எதிர்வினையாக இருக்கலாம். 5 மி.மீ.க்கு மேல் தடிப்பு, முடிச்சு முடிச்சான தோற்றம், உள்ளே பையா உறையிலும் ஒளிர்வு ஆகியவை ஊடுருவலைக் காட்டும்.

நரம்பு வழி: மேல்தாடைக்குப் பின்னால் உள்ள டெரிகோபாலட்டைன் குழியில் வழக்கமாக இருக்கும் கொழுப்பு மறைந்திருக்கிறதா, நரம்புகள் வெளியேறும் ரொட்டண்டம், ஓவலே துளைகள் அகன்றிருக்கின்றனவா என்று இரு பக்கமும் ஒப்பிடுங்கள். மெல்லும் தசைகள் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிக் கொழுப்பேறியிருந்தால் முக்கிளை நரம்பின் மூன்றாம் கிளை பாதிக்கப்பட்டிருக்கிறது. கன்ன மரத்துப்போதல் இருக்கிறதா என்று நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பது எந்த ஸ்கேனுக்கும் குறைந்ததல்ல.

மேல்தாடை சைனஸ் கட்டி என்றால் பழைய ஓங்கிரன் கோடு இன்றும் உதவும். கண்ணின் உள்முனையிலிருந்து தாடை மூலைக்குக் கற்பனையாக ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலும் பின்னும் இருக்கும் கட்டிகளின் முடிவு மோசம், ஏனென்றால் கண்ணும் மண்டையோட்டு அடித்தளமும் அங்கேதான் அருகில் இருக்கின்றன. கழுத்து நெறிக்கட்டி தொடக்கத்தில் சிறுபான்மையோருக்கே இருக்கும். இருந்தால் பிழைப்பு கணிசமாகக் குறையும். தொண்டைக்குப் பின்புறக் கணுக்கள் கைக்குத் தட்டுப்படாது, ஸ்கேனிலும் கண் தவறும். அந்த இடத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

சிகிச்சைக்கு இணங்குமா: இது வேறு கேள்வி

இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் நான் காணும் பெரிய பிழை. ‘இந்த நோயாளிக்கு என்ன ஆகும்?’ என்பது ஒன்று. ‘இந்தச் சிகிச்சையைக் கொடுத்தால் வித்தியாசம் வருமா?’ என்பது மற்றொன்று. டியூரா ஊடுருவல் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும், இரண்டாவதற்குச் சொல்லாது. கெட்ட குறிகளை எண்ணிக் கூட்டி ‘ஆகவே கீமோ வேண்டும்’ என்று முடிவெடுத்தால் தர்க்கம் தாவிவிட்டது.

இரண்டாம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் நல்ல சான்று ஸ்னக் கட்டியில் இருக்கிறது. எம்.டி. ஆண்டர்சன் மையம் 2019 இல் வெளியிட்ட 95 நோயாளிகளின் தொகுப்பில் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கம் பார்த்தார்கள். நன்றாகச் சுருங்கியவர்களில் அடுத்துக் கீமோ-கதிர்வீச்சு பெற்றோரின் 5 ஆண்டு நோய்சார் பிழைப்பு 81 விழுக்காடு; அறுவைக்குப் போனவர்களில் 54. சுருங்காதவர்களில் கணக்கு தலைகீழ்: கீமோ-கதிர்வீச்சு மட்டும் என்றால் 0, அறுவையும் சேர்ந்தால் 39. சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வு இது இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் முதல் கீமோவை ஒரு சோதனையாகவே பயன்படுத்தலாம் என்பதை இது தெளிவாகக் காட்டியது. ஸ்னக்குக்குப் பொதுவாகச் சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும், செதில்செல் கட்டிக்கு டோசிடாக்சலும் சிஸ்பிளாட்டினும் (சில இடங்களில் ஃப்ளூரோயுராசிலும் சேர்த்து) மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுகின்றன. இரண்டு சுற்று முடிந்ததும் ஸ்கேன் எடுங்கள். ‘மூன்றும் முடியட்டும்’ என்று காத்திருந்தால், சுருங்காத கட்டி அறுவை எல்லையைத் தாண்டிவிடும் அபாயம் இருக்கிறது.

சுருக்கத்தை எப்படி அளப்பது? கட்டிச் சுருக்கத்தை அளக்கப் பயன்படும் ரெசிஸ்ட் விதிப்படி நீண்ட விட்டம் 30 விழுக்காடு குறைந்தால் பகுதிச் சுருக்கம். ஒரு எத்மாய்டு கட்டி 4.8 செ.மீ. இருந்து 3.4 ஆனது என்று வைத்துக்கொள்வோம். குறைவு 1.4, அதாவது 29 விழுக்காடு. விதிப்படி இது ‘மாற்றமில்லை’ என்ற பெட்டியில் விழும். மூன்று திசையிலும் அதே விகிதத்தில் சுருங்கியிருந்தாலோ கொள்ளளவு ஏறக்குறைய 64 விழுக்காடு குறைந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிற்று. இன்னொரு சிக்கல், சைனஸ் கட்டி உருண்டையாக வளர்வதில்லை. துளைகளுக்குள் விரல்விட்டு வளரும். ஒரே விட்டத்தை அளப்பவர் எந்த விரலை அளக்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆகவே இரண்டு ஸ்கேனிலும் ஒரே வரிசைப் படம், ஒரே தளம், முடிந்தால் ஒரே ஆள், கூடவே கொள்ளளவு. அரித்துப்போன எலும்பு திரும்ப வளராது, அந்த ஓட்டையைக் கட்டி என்று எண்ணாதீர்கள்.

அளவு மாறுவதற்கு முன்பே திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. படத்தின் ஏ.டி.சி. மதிப்பு ஏறினால், செல்கள் செத்துக்கொண்டிருப்பதற்கான அடையாளம். அழுகிய பகுதியையும் சளியையும் விட்டுத் திடமான பகுதியில் மட்டும் வட்டம் போட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பு பொய்யாக ஏறும். சர்க்கரை ஏற்பைக் காட்டும் பெட் ஸ்கேனில் சைனஸ் தொற்றும் ஒளிரும், இன்வர்ட்டட் பாப்பிலோமாவும் புற்றே இல்லாமல் பளிச்சென்று ஒளிரும். ஒளிர்வின் எண் மட்டும் வைத்து ‘புற்றாக மாறிவிட்டது’ என்று சொல்லக் கூடாது.

மற்றக் கட்டிகளுக்குச் சுருக்கமாக. குடல்வகை அடினோகார்சினோமாவில் பி53 புரதம் இயங்கும் நிலையில் இருந்தால் சிஸ்பிளாட்டின் சார்ந்த கீமோவுக்குக் கட்டி கரையும் வாய்ப்பு மிக அதிகம் என்று 2004 இல் 30 பேர் கொண்ட இத்தாலிய ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான், ஆனால் உயிரியல் காரணம் வலுவானது. அடினாய்டு சிஸ்டிக் கட்டி கீமோவுக்கு அசையாது, அதன் சுருக்கத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். மெலனோமாவில் இம்யூனோதெரபி (எதிர்ப்புசக்தியைத் தூண்டும்) மருந்தான நிவோலுமாப் மட்டும் கொடுத்தால் இணங்கியவர்கள் தோல் வகையில் சுமார் 41 விழுக்காடு, சளிச்சவ்வு வகையில் 23. இபிலிமுமாப்பும் சேர்த்தால் தோல் வகையில் 60, சளிச்சவ்வு வகையில் 37. 2017 இல் வெளியான இந்தத் தொகுப்பு உடலின் எல்லாச் சளிச்சவ்வு மெலனோமாக்களையும் சேர்த்தது. தோல் மெலனோமாவின் எண்ணை இங்கே தூக்கிவந்து நம்பிக்கை கொடுப்பது நியாயமில்லை. பி-ராஃப் மரபணு மாற்றம் இங்கே குறைவு. என்-ராஸ், கிட் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிடி-எல்1 புரதம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சி.பி.எஸ். மதிப்பெண் 20 என்று வந்ததும் இம்யூனோதெரபி வேலை செய்யும் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையின் வேர், பெம்ப்ரோலிஸுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சோதித்த கீநோட் 048 ஆய்வு. அதில் சேர்க்கப்பட்டது வாய், நடுத்தொண்டை, கீழ்த்தொண்டை, குரல்வளைக் கட்டிகள் மட்டும். மூக்கும் சைனஸும் அதில் இல்லை. மீண்டும் வந்த செதில்செல் கட்டிக்கு அந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம், கடன் வாங்கிய சான்று என்ற நினைவோடு. மாதிரியில் உயிருள்ள கட்டிச் செல்கள் 100 கூட இல்லாவிட்டால் மதிப்பெண்ணே செல்லாது.

அறுவைக்குப் பிறகு

விளிம்பில் கட்டி இருந்தால் கணிப்பு மோசமாவதை ஏறக்குறைய எல்லாத் தொகுப்புகளும் சொல்கின்றன. ஆனால் எண்டோஸ்கோப் அறுவையில் கட்டி துண்டு துண்டாக வெளியே வரும். பெரிய துண்டின் ஓரத்தில் கட்டி இருப்பது ஒன்றையும் சொல்லாது. அது வேர்விட்ட இடம் எது, அதைச் சுற்றி எலும்பிலும் உறையிலும் எடுத்த தனி விளிம்புத் துண்டுகளின் முடிவு என்ன என்பதே கணக்கு. அறுவை மருத்துவர் ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் புட்டி, இடப்பெயர், வரைபடம் கொடுக்காவிட்டால் நோய்க்குறியியலாளர் ‘விளிம்பு மதிப்பிட இயலாது’ என்றுதான் எழுதுவார். அதன் பிறகு எவராலும் அந்தத் தகவலை மீட்க முடியாது.

கதிர்வீச்சுத் திட்டத்தையும் படியுங்கள். அறுவைக்குப் பிறகு வழக்கம் 60 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), விளிம்பு நேர்மறை என்றால் 66, அறுவையே இல்லாமல் என்றால் 70 அளவில். பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்துக்கோ சுமார் 54, 55 கிரேதான் பாதுகாப்பு எல்லை. கட்டி அங்கே ஒட்டியிருந்தால் அந்த ஓரத்துக்கு வேண்டிய அளவு போயிருக்காது. எந்த ஓரத்தில் அளவு குறைந்தது என்று திட்டப் படத்தில் குறித்துவைத்துக்கொண்டு, பின்னால் வரும் ஒவ்வொரு எம்.ஆர்.ஐ.யிலும் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். புரோட்டான் கதிர்வீச்சை இங்கே விரும்புவதற்குக் காரணமே இந்த நெருக்கம்தான். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கியதா என்பதும் கணிப்பில் சேரும்.

நோயாளியும் ரத்தமும்

வயது, நடமாட்ட நிலை, எடை இழப்பு, ஹீமோகுளோபின், புகைப்பழக்கம் எல்லாம் முடிவை இழுக்கும், விளக்கம் தேவையில்லை. நியூட்ரோஃபில்-லிம்ஃபோசைட் விகிதம் என்ற மலிவான குறியீட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல். விகிதம் உயர்ந்தால் பிழைப்பு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இந்த நோயாளிகளில் பலர் அடைபட்ட சைனஸ் தொற்றோடு வருகிறார்கள், சிலர் கண் வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இரண்டுமே நியூட்ரோஃபிலை ஏற்றும், ஸ்டீராய்டு லிம்ஃபோசைட்டையும் இறக்கும். தொற்று அடங்கி ஸ்டீராய்டு நிற்காத ரத்தத்தில் இந்த விகிதத்தைப் பார்ப்பதே வீண்.

நோமோகிராம், செயலி, ரேடியோமிக்ஸ்

கணினியில் எண்களை இட்டால் ‘5 ஆண்டுப் பிழைப்பு 62 விழுக்காடு’ என்று சொல்லும் கருவிகள் நிறைய வந்துவிட்டன. பயன்படுத்துவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். எந்தத் தரவில் கட்டினார்கள்? பெரும்பாலும் நாடளாவிய பதிவேடு. அதில் வயதும் டி நிலையும் இருக்கும், டியூரா ஊடுருவலோ ஐ.என்.ஐ.1 முடிவோ கீமோவுக்கு வந்த சுருக்கமோ இருக்காது. எத்தனை இறப்புகள், எத்தனை மாறிகள்? 40 இறப்புகள் உள்ள தரவில் நான்கு மாறிக்கு மேல் நுழைத்திருந்தால் அது மனப்பாடம் செய்த கருவி. புதிய நோயாளியிடம் தடுமாறும். மூன்றாவது, வேறு மருத்துவமனை நோயாளிகளிடம் சோதித்தார்களா, அங்கே அளவு ஒத்துப்போனதா? 60 விழுக்காடு என்று கருவி சொன்ன நூறு பேரில் சுமார் 60 பேர் உண்மையிலேயே ஐந்து ஆண்டைக் கடக்க வேண்டும். சி-இண்டெக்ஸ் நன்றாக இருப்பது வரிசைப்படுத்தத் தெரியும் என்பதைத்தான் காட்டும். எண் சரி என்று உறுதி தராது.

ஸ்கேன் படத்திலிருந்து கணினி எடுக்கும் அளவுகளை வைத்துக் கணிக்கும் ரேடியோமிக்ஸில் இந்தச் சிக்கல் பல மடங்கு. நூற்றுக்கணக்கான பட அளவுகள், சில டஜன் நோயாளிகள், ஒரே இயந்திரம். படத் துண்டின் தடிமன் மாறினாலே பல அளவுகள் மாறிவிடும். சொந்த மருத்துவமனை நோயாளிகளையே இரண்டாகப் பிரித்துச் சோதித்ததை வெளிச்சோதனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கட்டுரைகளில் இன்னொரு பொறி: ‘கதிர்வீச்சை முடித்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள்’. முடிக்கும்வரை உயிரோடு இருந்தவர்கள்தானே அந்தக் குழுவில் சேர முடியும்? எந்த நாளிலிருந்து காலத்தை எண்ணினார்கள் என்று தேடிப் பாருங்கள்.

எப்படிச் சொல்வது, எப்போது மாற்றுவது

ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வீச்சாகச் சொல்லுங்கள், கூடவே அடுத்துத் திருத்தும் நாளையும். “இவர் மாதிரி பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் ஐந்து வருஷம் கழித்து நாலு முதல் ஆறு பேர் இருப்பார்கள். இரண்டு கீமோ முடிந்து வரும் ஸ்கேனைப் பார்த்தால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.” விழுக்காட்டைவிடப் பத்தில் இத்தனை பேர் என்பது மனதில் நிற்கும். நோயாளி தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்பதை அவரிடமே முதலில் கேளுங்கள். குடும்பம் அவருக்காக முடிவெடுத்துவிட இடம் கொடுக்காதீர்கள்.

சிகிச்சை முடிந்து 12 வாரம் ஆகாமல் பெட் எடுக்க வேண்டாம், கதிர்வீச்சு அழற்சியே ஒளிரும். முதல் எம்.ஆர்.ஐ.யை 8 முதல் 12 வாரத்துக்குள் எடுத்து, அதை அடிப்படைப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட அதுதான் துணை. சில ஆண்டு கழித்து நெற்றி மடலிலோ பொட்டு மடலிலோ ஒளிர்வு வந்தால் மறுவரவு என்று பதறும் முன் அந்த இடத்துக்கு எத்தனை கிரே போனது என்று பாருங்கள்; கதிர்வீச்சு நசிவும் அப்படியே தெரியும்.

செதில்செல் கட்டி மீண்டும் வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் வரும். எனவே அந்தக் காலம் சுத்தமாகக் கடந்த நோயாளிக்குத் தொடக்க நாளின் எண்ணைத் திரும்பச் சொல்லாதீர்கள். அவருடைய வாய்ப்பு இப்போது அதைவிட மேல். ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமாவில் இந்தக் கணக்கு செல்லாது: ஐந்தும் பத்தும் ஆண்டு கழித்துக் கழுத்து நெறிக்கட்டியாகத் திரும்பும். அடினாய்டு சிஸ்டிக் கட்டியிலும் அப்படியே. ஐந்து ஆண்டு வளைகோடு அழகாக இருக்கும், பத்து, பதினைந்தில் சரிந்துகொண்டே போகும். இந்த இரண்டு கட்டி உள்ளவர்களின் கோப்பில் ‘ஐந்து ஆண்டு முடிந்தது, இனி வர வேண்டாம்’ என்று எழுதக் கூடாது. முன்னதற்குக் கழுத்தும் மண்டையோட்டு அடித்தளமும், பின்னதற்கு நரம்பு வழி எம்.ஆர்.ஐ.யும் நெஞ்சு சி.டி.யும் ஆண்டுக்கு ஒருமுறை தொடரட்டும். கழுத்துக்குக் கதிர்வீச்சு போயிருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பாருங்கள், பிட்யூட்டரிக்கு அருகில் போயிருந்தால் டி.எஸ்.எச். மட்டும் போதாது, தைராய்டு ஹார்மோனான எஃப்டி4 அளவையும் காலை கார்டிசாலையும் சேர்த்துப் பாருங்கள்.